தோண்டாமல் விட்ட ஓரம்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, கல்லூரி அகழாய்வுப் பயிற்சிக் குழியில் இறங்கும்போது தலையில் துணி கட்டிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். எங்கள் அறைக்கும் விசில் இருக்கும் அறைக்கும் நடுவில் ஒரே ஒரு தகரம்தான். விசில் என்றால் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு எங்களை மேய்க்கிற சூப்பர்வைசர், போன தடவை வந்தபோது நீ வைத்த பெயர்தான், இப்போது எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவன் தும்மினால் இந்தப் பக்கம் அம்மா முகத்தைத் துடைத்துக்கொள்கிறாள், அவ்வளவு நெருக்கம். அன்றைக்கு நீ பேசிக்கொண்டிருக்கும்போதே நான் வேண்டாம் என்று கத்திவிட்டுப் பட்டென்று போனை வைத்தது கோபத்தினால் இல்லை. அவன் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

உன்னிடம் பாதிதான் சொன்னேன், மீதியையும் சொல்லிவிடுகிறேன். கட்டப்போகிற மாடிக்கு அடியில் கார் நிறுத்துவதற்குத் தோண்டிக்கொண்டிருக்கிறோம் இல்லையா, பொக்லைன் பக்கெட்டின் பல் எதிலோ மாட்டியது. பாறையில் மாட்டினால் கேபினே ஆடும், இது சோற்றில் கல்லைக் கடித்த மாதிரி லேசாகக் கூசியது. முன்னே என்றால் இன்னொரு இழு இழுத்து டிப்பரில் கொட்டியிருப்பேன். நீ லீவுக்கு வந்து குழிச்சுவரைத் தடவித் தடவி, இந்தக் கறுப்பு அடுப்புச் சாம்பல், இந்த மஞ்சள் வெள்ளம் வந்துபோன மணல் என்று காட்டிவிட்டுப் போனதிலிருந்து அப்படி இழுக்கக் கை வருவதில்லை. இறங்கிப் பார்த்தேன். செங்கல்லால் கட்டிய வாய்க்கால், மேலே வரிசையாகக் கல் மூடி. ஒரு மூடி நகர்ந்திருந்தது, உள்ளே கைவிட்டால் வழுவழுவென்று, ஒரு பக்கமாகச் சரிவு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். சாக்கடை பாப்பா. மூடி போட்ட சாக்கடை. எங்கள் தகர வரிசைக்கு முன்னால் ஓடுகிற சாக்கடைக்கு ஒரு மூடி போடுங்கள் என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்துவிட்டது, அடுத்த மாதம் அடுத்த மாதம் என்கிறார்கள். எந்தக் காலத்து மனிதனோ மூடி போட்டு வாழ்ந்திருக்கிறான். அவன் வீட்டை உடைத்துக் கார் நிறுத்த இடம் பண்ணுகிற நாங்கள் திறந்த சாக்கடைக்குப் பக்கத்தில் தலைவைத்துப் படுக்கிறோம்.

அந்தச் சந்தோஷத்தில்தான் உடனே உனக்குப் போன் போட்டேன். பேசி வைத்த பிறகுதான் இன்ஜினியர் வந்தார். எட்டிப் பார்த்துவிட்டு எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, யாராவது வாயைத் தொறந்தா தொல்பொருள்காரன் வந்து கயிறு கட்டிடுவான், அப்புறம் வேலையும் கிடையாது ரூமும் கிடையாது, எல்லாரும் மூட்டையைக் கட்டுங்க என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. என் மகள் தொல்லியல் படிக்கிறாள், பட்டம் வாங்கப்போகிறாள் என்று நீ மண்வெட்டியோடு நிற்கிற போட்டோவைக் கேபின் கண்ணாடியில் ஒட்டி வைத்திருப்பது நான்தானே. இனி உலகத்தில் எந்த மூலையிலிருந்து புகார் போனாலும் அது என் வீட்டிலிருந்து போனதாகத்தான் இருக்கும். அம்மா விடவில்லை, ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சீங்க இல்ல, இப்ப வாங்கிக் கட்டிக்குங்க என்கிறாள். நீ கல்லூரியில் சேர்ந்தபோது, என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்ட உன் மாமா சொன்னது ஞாபகம் இருக்கிறதா. மாப்ளே, நீ பொக்லைன்ல தோண்டுற, உன் பொண்ணு பிரஷ்ஷால தோண்டுறா, எதிரெதிரா தோண்டிக்கிட்டே வந்து ஒரு நாள் நடுவுல முட்டிக்கப் போறீங்க என்றார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். முட்டிவிட்டது.

அன்றைக்கு ராத்திரி நீ திரும்பக் கூப்பிட்டு, தொல்லியல் துறைக்குச் சொல்லப்போறேன், இதைச் சொல்லாம விட்டா நான் எதுக்குப்பா இந்தப் படிப்பு படிக்கிறேன் என்று கேட்டாய், அப்போதுதான் நான் கத்தினேன். இப்போது நானும் ஒன்று கேட்கிறேன். இதெல்லாம் எல்லோருக்கும் சொந்தம் என்று பாடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள் என்றாயே, எல்லோருக்கும் சொந்தமானதைக் காப்பாற்ற எங்கள் தகர வரிசை மட்டும் ஏன் காலியாக வேண்டும். வேலை நின்றால் முதலாளி வேறு இடத்தில் தோண்டுவான். வந்து பார்க்கிற அதிகாரிக்கு அன்றைக்கும் சம்பளம் உண்டு. பக்கத்து அறையில் கம்பி கட்டுகிறவரின் பெண்டாட்டிக்கு இது நிறைமாதம், அவள் எங்கே போவாள். இதற்கு உன் புத்தகத்தில் ஏதாவது எழுதியிருந்தால் சொல்லு. இல்லையென்றால் நீ படித்துவிட்டு அதில் எழுது.

வாய்க்காலில் பாதி போய்விட்டது. நான்தான் எடுத்தேன், கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன் என்று பொய் சொல்லமாட்டேன், பார்த்துக்கொண்டேதான் எடுத்தேன். ஆனால் இரண்டு குழிக்கு நடுவில் ஒரு ஓரத்தைத் தோண்டாமல் விடுவோம், பின்னால் வருகிறவன் சரிபார்க்க அதுதான் சாட்சி என்று நீ சொன்னது மண்டையில் கிடந்தது. ரோட்டுப் பக்கம், கம்பி அடுக்கியிருக்கும் கொட்டகைக்குக் கீழே, வாய்க்காலின் மீதி மூடியோடு அப்படியே இருக்கிறது. அங்கே மண் சரியும், இரும்புத் தகடு அடித்துத் தாங்கல் கொடுக்காமல் தொடமாட்டேன் என்று இன்ஜினியரிடம் அடம்பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறேன். அவரும் நம்பிவிட்டார். நேற்று தகடு வந்து இறங்கிவிட்டது. இனி என்ன சாக்கு சொல்வது என்று தெரியவில்லை.

அம்மா மார்க்கெட்டுக்குப் போகும்போது இதைத் தபால்பெட்டியில் போடுவாள். நீ பதில் எழுதாதே, இங்கே வருகிற கடிதமெல்லாம் விசில் கையைத் தாண்டித்தான் வரும். இரண்டு பெட்டியில் இருந்த உன் துணிகளை அம்மா ஒரே பெட்டியில் அடுக்கிவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, சும்மாதான், இடம் அடைக்குது என்றாள். தட்டுமுட்டுச் சாமான்களையும் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறாள். நானும் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். குழியில் இறங்கும்போது ஓரமாக நிற்காதே, சுவர் எப்போது சரியும் என்று சொல்ல முடியாது. நீ தொட்ட மண்ணெல்லாம் உனக்கு வாய் திறந்து பேசட்டும், நன்றாக இரு. முக்கியமாக ஒன்றை மறந்துவிடாதே. என்ன செய்வதாக இருந்தாலும் என்னைக் கேட்டுச் செய்யாதே. கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அன்றைக்குக் கத்தியதும் பாதிதான் விசிலுக்காக.

இப்படிக்கு,
உன் அப்பா