மதகுக் கொட்டகைக் கோணிகள்

இன்று காலை மதகுக் கொட்டகையைத் திறந்தேன். கதவைத் தள்ளியதுமே அந்த வாசனை வந்தது. பழஞ்சணலும் தூசியும், எப்போதோ உள்ளே இருந்த மல்லாட்டைக் கடலையின் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்த வாசனை. உன் சட்டையிலும் அதுதான் வீசும், என் சட்டையிலும் அதுதான். கோணி அடுக்கின் மேல் உன் கோணி ஊசி குத்தி நின்றது. போன வருஷம் ஐப்பசியில் நீ குத்திவிட்டுப் போனது. முனை வளைந்த அதே ஊசி, இப்போது துருவேறிக் கிடக்கிறது. எப்போதும் என் அடுக்கின் மேல்தான் குத்துவாய். உன் கோணியில் ஓட்டை விழக்கூடாது அல்லவா!

உன் அடுக்கு இருந்த இடத்தில் வெறும் தரைதான் இருந்தது. உன் கருமாதி முடிந்த கையோடு உன் மகன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். கடையைப் பூட்டிவிட்டுப் புதுச்சேரியில் குடியேறிவிட்டவனுக்குப் பாகூர் ஏரியைப் பற்றி என்ன? அப்பன் சொத்து, எடுத்துக்கொண்டான். யுத்தம் தொடங்கியதிலிருந்து கல்கத்தாக் கோணி கண்ணில் படுவதே அரிதாகிவிட்டது. கிழிந்த கோணிக்குக்கூட ஆள் அலைகிறான்.

அப்படி அலைகிற ஒருவன் என் பின்னாலேயே வந்திருந்தான். கடலூர் வியாபாரி.

"இன்னா மொதலாளி, எலிக்குப் போட்டு வெச்சிருக்கிறீங்க? வெலையச் சொல்லுங்க. இப்பவே வண்டி கொண்டாறேன்."

"சாயந்திரம் சொல்றேன்" என்றேன். வியாபாரி எடுத்த எடுப்பில் இல்லை என்று சொல்வதில்லை. உனக்குத் தெரியாததா?

அவன் போனதும் மிச்சமிருந்த கோணிகளின் மேல் உட்கார்ந்தேன். வெளியே ஏரி கரை முட்ட நின்றது. உன்னோடு பேச வேண்டும்போல் இருந்தது.

நீயும் நானும் சிநேகிதர்கள் என்று யாராவது சொன்னால் நீயே எழுந்து வந்து மறுப்பாய். எதிரெதிர்க் கடை நமக்கு. உனக்குக் கடை அப்பன் வைத்துவிட்டுப் போனது. நான் கரிக்கலாம்பாக்கத்திலிருந்து வேகவைத்த மல்லாட்டையைக் கூடையில் சுமந்து வந்து சந்தையில் விற்று மேலே வந்தவன். எனக்குக் கல்லாப்பெட்டி வந்த பிறகும் உன் வாயில் நான் 'கூடைக்காரன்'தான். மல்லாட்டை ஏற்றிய வண்டி தெருமுனையில் திரும்பினால் போதும், கடை வாசலில் நின்று கத்துவாய்: "அங்க போவாத! அவன் மரக்காலுக்கு வவுறு பெருசு!" நானும் விடமாட்டேன்: "அவன் மரக்காலுக்கு அடியே இல்ல, பாத்து அளந்து போடு!" வண்டிக்காரன் நடுத்தெருவில் மாட்டை நிறுத்திவிட்டுச் சிரிப்பான்.

ஏரி உடையப் பார்த்த அந்த மார்கழியை நினைத்துப் பார்க்கிறேன்.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். கார்த்திகை தீபம் முடிந்தால் மழையும் முடிந்தது என்று ஊரே நம்பும். மறுநாளே ஏரியில் மிஞ்சுகிற தண்ணீர் வழிந்தோடும் கலிங்கில் பலகை வைத்து, வைக்கோலும் களிமண்ணும் திணித்து உயர்த்திவிடுவார்கள். வழிந்து வீணாகிற தண்ணீரைப் பிடித்து வைத்தால் கோடைக்கும் ஒரு போகம் எடுக்கலாம் என்ற ஆசை. அந்த வருஷமும் உயர்த்தினார்கள். ஆனால் மார்கழியில் புயல் மழை பிடித்துக்கொண்டது. கிறிஸ்துமஸ் விடுமுறை, பிரெஞ்சு சர்க்காரின் கொம்யூன் கட்டடம் பூட்டியிருந்தது. உதவி கேட்டுப் புதுச்சேரிக்கு ஆள் போயிருந்தான், எப்போது திரும்புவான் என்று தெரியாது.

விடிந்து பார்த்தால் மதகுக்குப் பக்கத்தில் கரையின் வெளிச்சரிவில் தண்ணீர் கசிகிறது. தெளிந்த தண்ணீராக இருந்தால் பரவாயில்லை. கலங்கலாக வந்தது. கரை உள்ளுக்குள்ளே கரைகிறது என்று அர்த்தம். கலிங்குப் பலகைகளைப் பிடுங்க ஆட்கள் ஓடினார்கள். ஆனால் அவ்வளவு பெரிய ஏரி ஒரு பொழுதில் இறங்கிவிடுமா? மணல் மூட்டை அடுக்கினால்தான் கரை நிற்கும். மூட்டை போடுகிற அளவுக்குக் கோணி ஊரில் இரண்டே இடத்தில்தான் இருந்தது: உன் கடை, என் கடை. இரண்டிலும் எல்லாக் கோணியிலும் மல்லாட்டை. புதுச்சேரித் துறைமுகத்துக்கு வண்டி கட்டத் தயாராக, வாய் தைத்து நின்றன.

அந்த ஈரக் காற்றில் கொட்டினால் மல்லாட்டை பூசணம் பிடித்துவிடும், துறைமுகத்தில் தொடமாட்டார்கள். அதைவிடப் பெரிய பயம், ஒருவன் கொட்டி மற்றவன் கொட்டாமல் இருந்தால், கொட்டாதவனுக்கு அந்த வருஷத்துச் சந்தை முழுதும் சொந்தம். ஆகவே நீ உன் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். நான் என் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

முனியம்மாதான் வந்தாள். நம் இரண்டு கடைக்கும் மல்லாட்டை உடைக்க வருகிறவள். கரைக்குக் கீழே இருக்கும் குடிசைகளில் ஒன்று அவளுடையது. தலையெல்லாம் நனைந்து, நடுத்தெருவில் நின்று கத்தினாள்.

"யோவ், ரெண்டு மொதலாளிங்களும் இன்னாய்யா வேடிக்க பாக்குறீங்க? உங்க மல்லாட்ட நனைஞ்சா செக்குக்காவது போவும். என் வூடு போனா எங்க போவும்?"

நீ என்னைப் பார்த்தாய். "கூடைக்காரா, மூட்டையப் பிரி."

"நீ மொதல்ல பிரி."

"நான் பிரிச்சுட்டு நிப்பேன், நீ நாளைக்கு வண்டி கட்டுவ."

"நீ மட்டும் யோக்கியனா?"

"த்தூ! ஏரி ஒடையுது, யோக்கியம் பேசறானுங்க" என்றாள் முனியம்மா.

நீ உள்ளே போனாய். கதவைச் சாத்தப் போகிறாய் என்றுதான் நினைத்தேன். ஒரு மூட்டையை இழுத்து வந்து தெரு நடுவில் போட்டாய். இடுப்பிலிருந்து ஊசியை உருவித் தையலைக் கிழித்தாய்.

"இது என்னுது ஒண்ணு. கொண்டா உன்னுது ஒண்ணு. நீ எங்க நிறுத்துறியோ, அங்க நானும் நிறுத்திடுவேன்."

வியாபாரி பேசுகிற பேச்சு அது. எனக்குப் புரிந்தது. உன் மூட்டை ஒன்று, என் மூட்டை ஒன்று. கோவில் மண்டபத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். வெறுங்கோணி கரைக்குப் போனது. நிறுத்திவிடுவேன் என்றாயே தவிர, நான் நிறுத்துவதற்கு நீ இடமே கொடுக்கவில்லை. என் கையில் மூட்டை வரும் முன் உன் மூட்டை பிரிந்து கிடக்கும். அந்த வீம்பில் என் கடை காலியானது, உன் கடை காலியானது. பிறகு கரைக்குப் போய் மணல் மூட்டைகளின் வாயைத் தைத்தோம். ஒரு மூட்டையில் உன் ஊசி கல்லில் இடித்து வளைந்தது. நீ அதைத் திட்டின திட்டை இங்கே சொல்ல முடியாது. பொழுது சாய்வதற்குள் கசிவு தெளிந்தது. கரை நின்றது. முனியம்மா வீடும் நின்றது.

மறுநாள் மண்டபத்தில் போய்ப் பார்த்தால் ஒரே குவியல். எது உன்னுடையது, எது என்னுடையது? பாதி பூசணம். பேசாமல் செக்குக்காரரிடம் தள்ளிவிட்டு வந்தோம். "பருப்பெல்லாம் என்னுது, பொக்கெல்லாம் கூடைக்காரனுது" என்று கடைசிவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

அதன் பிறகு ஒவ்வொரு ஐப்பசியிலும் வெறுங்கோணிகளை இந்தக் கொட்டகையில் வைத்தோம். நீ ஒன்று வைக்க, நான் ஒன்று வைக்க. எழுத்து இல்லை, சாட்சி இல்லை. அடுக்கி முடித்து வெளியே வந்ததும் பழையபடி மரக்கால் சண்டை. என் மகள் கல்யாணத்துக்கு வந்து மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டு, "சோத்தையும் அந்த மரக்கால்லதான் அளந்தியா?" என்று கேட்டவன் நீ.

நீ படுத்துவிட்டாய் என்று கேட்டு உன் வீட்டுக்கு வந்தேன். என் வாழ்நாளில் உன் வாசற்படி ஏறியது அன்றைக்குத்தான். பேச மூச்சில்லை உனக்கு. ஆனாலும் கேட்டாய்: "ஐப்பசி வருது. என் பங்க எவன்டா வெப்பான்?"

"மொதல்ல எழுந்து உக்காரு."

"பேச்ச மாத்தாத, கூடைக்காரா."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். விலை தெரியாமல் வாக்குக் கொடுத்துப் பழக்கமில்லை எனக்கு.

இந்த ஐப்பசியில் நான் கொட்டகைப் பக்கமே வரவில்லை. தீபமும் முடிந்தது. நேற்று கலிங்கில் பலகை ஏறிவிட்டது. யார் சொல்லி யார் கேட்கப் போகிறார்கள்? கரை மேல் வந்த முனியம்மா கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது.

"இன்னா மொதலாளி, பாதிதான் இருக்குது?"

"அவர் போயிட்டாரே."

"அவரு போயிட்டாரு. ஏரி போயிடுச்சா?"

அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. இந்த வருஷக் கொள்முதலுக்கென்று சேர்த்து வைத்திருந்த கோணிகளைக் கடையிலிருந்து வண்டியில் ஏற்றச் சொன்னேன். கோணி இல்லாமல் பாதி மல்லாட்டைதான் வாங்க முடியும். எதிர்க்கடை பூட்டிக் கிடக்கிற வருஷத்தில் இப்படி ஒரு சந்தையை விடுகிறேன் என்று தெரிந்தால் நீயே என்னை முட்டாள் என்பாய். சொல்லிக்கொள்.

கடலூர்க்காரன் சாயந்திரம் வந்தான். "விக்கிறதுக்கு இல்ல" என்றேன். "இதுல பாதி என்னுது இல்ல, எதுத்த கடக்காரருது."

"அந்தக் கடதான் பூட்டிக் கெடக்குதே?"

"அதனாலதான் இங்க கெடக்குது."

முனியம்மா எடுத்துக் கொடுக்க நானே அடுக்கினேன். உன்னுடையது ஒன்று, என்னுடையது ஒன்று. அடுத்த ஐப்பசியிலும் இப்படித்தான், அதற்கடுத்ததிலும் இப்படித்தான். நான் நிறுத்துகிற இடத்தில் நிறுத்திவிடுவேன் என்றாய். எனக்கு முன்பே நிறுத்திவிட்டாய். நீ நிறுத்தினால் நானும் நிறுத்துவேன் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

ஊசியின் துருவை எண்ணெய் விட்டுத் துடைத்தேன். இந்தத் தடவை அதை உன் அடுக்கின் மேல் குத்தி வைத்திருக்கிறேன். ஓட்டை விழுந்தால் விழட்டும்.