மொட்டையின் மேற்குப் பள்ளம்

மார்ச் 4

மொட்டை மலையை வரையும் வேலையைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டார்கள். வரைபடப் பிரிவில் எல்லார் முன்னாலும் மேலதிகாரி சொன்னார். நானும் கை தட்டினேன்.

அந்த மலை என்னுடையது. நாலு பருவம் கூடாரம் போட்டுக் கிடந்து அளந்திருக்கிறேன். சாலை முடிந்த இடத்திலிருந்து இரண்டு நாள் நடை, வழியெல்லாம் காடு. அப்புறம் ஒரு புல் கூட முளைக்காத கருங்கல், வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக உரிந்து நிற்கும். அதனால்தான் அலுவலகத்தில் அதை மொட்டை என்கிறோம். என் முட்டி போனதும் மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். முட்டிதானே போச்சு, மூளையுமா போச்சு?

மார்ச் 9

அம்மா போனில்: "சின்னவ டிவியில மலையைப் பத்திப் பேசினாளே, பாத்தியா?" இல்லை என்றேன். இரண்டு தடவை பார்த்தேன்.

மார்ச் 21

அவள் வரைந்த வரைபடத் தாள் சரிபார்க்க என்னிடம் வந்தது. நன்றாக இருக்கிறது. அதுதான் எரிச்சல். இரட்டை உச்சி, நடுவில் கணவாய், தெற்கே உருண்டு கிடக்கும் பாறைகள். நான் மாதக்கணக்கில் மாரடித்ததை, மேலேயிருந்து படம் எடுத்து ஒரே வாரத்தில் முடித்திருக்கிறாள்.

அப்புறம் மேற்குப் பள்ளத்தைப் பார்த்தேன். கணவாயிலிருந்து ஓடை வரை இறங்க நடைபாதை என்று புள்ளிக்கோடு போட்டிருக்கிறாள். பாதி வழியில், அந்தப் பள்ளத்தில் மட்டும் அடர்ந்து நிற்கும் மரங்களுக்கு அடியில், பதினேழு மீட்டர் செங்குத்து அங்கே இருக்கிறது. எங்கள் தாளில் இருபது மீட்டருக்கு ஓர் உயரக் கோடு. செங்குத்து இரண்டு கோடுகளுக்கு நடுவில் விழுந்துவிட்டது; பார்த்தால் சாதாரணச் சரிவு. மர உச்சிகள் மறைப்பதால் படத்திலும் தெரியாது. போய் நின்றவர்கள் கையால் குறித்தால்தான் உண்டு. நான் போய் நின்றிருக்கிறேன். என் பழைய நோட்டில் இருக்கிறது. அவள் கேட்கவில்லை, நான் கொடுக்கவில்லை.

சிவப்புப் பென்சிலை எடுத்தேன். கீழே வைத்தேன்.

அச்சாகி வரட்டும். ஊரே சிரிக்கட்டும். 'சரிபார்த்தவர்' கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 22

யார் அந்தக் காட்டுக்குள் போகப்போகிறார்கள்? ஒருத்தரும் போக மாட்டார்கள்.

ஏப்ரல் 2

ஜீப் டிரைவர் சொல்லித்தான் தெரியும். அச்சுக்கு முன்னால் பாதையை ஒரு தடவை நடந்து பார்க்கிறேன் என்று அவள் மலைக்குப் போய் மூன்று நாள் ஆகிறது. "உங்ககிட்ட சொல்லலையா மேடம்?"

எப்படிச் சொல்வாள்? நான்தான் முகம் கொடுத்தே பேசவில்லையே.

காட்டுச் சாவடிக்குப் போன் போட்டேன். "மேற்குப் பள்ளத்துல இறங்க வேணாம்னு சொல்லுங்க, உடனே." "மலைக்கு அந்தப் பக்கம் வயர்லெஸ் எட்டாதுங்க." ஆள் அனுப்பச் சொன்னேன். அனுப்பினாலும் இரண்டு நாள் நடை— பாவி, என்னடி பண்ணி வெச்சிருக்க என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 3

தகவல் இல்லை.

ஏப்ரல் 5

உயிரோடு இருக்கிறாள். இடது மணிக்கட்டு உடைந்திருக்கிறது. செங்குத்தின் விளிம்பில், ஈரப் பாறையில் வழுக்கி, ஒரு மரவேரில் தங்கியிருக்கிறாள். கூடப் போன கயிற்றுக்காரர் மேலே இழுத்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "நீ பாத்து கையெழுத்து போட்டிருந்தியா, அதான்க்கா தைரியமா இறங்கினேன். முட்டி வலியில கவனிச்சிருக்க மாட்ட. விடு."

மேலதிகாரியிடமும் தப்பு தன்னுடையது என்று சொல்லிவிட்டாளாம். அதிலும் நல்ல பெயர் அவளுக்குத்தான் என்று ஒரு நொடி தோன்றியது. எனக்கு. அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

ஏப்ரல் 6

சொல்லிவிட்டேன். "கவனிக்காம இல்லடி. தெரிஞ்சுதான் போட்டேன்."

ஒற்றைக் கையால் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "ஏன்?"

"பொறாமை."

ஒரு சுளையைப் பிய்த்தாள். தின்னவில்லை. அதைத் தட்டில் வைத்துவிட்டு, "சரிக்கா, கெளம்பு. நின்னுட்டே இருந்தா முட்டி வலிக்கும்" என்றாள்.

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஏப்ரல் 19

டிரைவரிடம் என் பழைய நோட்டைக் கேட்டு அனுப்பியிருந்தாள். கொடுத்தேன். வேறு ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

மே 14

மொட்டையின் திருத்திய தாள் வந்தது. என் மேசைக்கு அல்ல. பக்கத்து மேசைக் கண்ணாடிக்காரருக்கு. போகிற போக்கில் எட்டிப் பார்த்தேன். செங்குத்து என் நோட்டில் உள்ளபடியே விழுந்திருக்கிறது. புள்ளிக்கோடு கணவாயோடு நிற்கிறது.

கண்ணாடிக்காரர் அந்த மலையைக் கண்ணால் பார்த்ததில்லை. தங்கை அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "நீங்க பாத்தா போதும் சார்" என்றாள். அவர் கையெழுத்துப் போட்டார். அந்த மனுஷன் மேல் எனக்கு வந்த பொறாமை, இதுவரை யார் மேலும் வந்ததில்லை.