அக்காவுக்கு ஆதரவு நான்தான் என்று சொன்னேன்

எனக்குச் சோறு கட்டிவைத்துவிட்டு, தான் சாப்பிடாமலே எஸ்டேட்டுக்கு ஓடிய என் அக்காவுக்கு,

உன் மகள் செல்விக்கு உதவித்தொகை உத்தரவு வந்துவிட்டது. நேற்று மத்தியானம் போஸ்ட்மேன் கொண்டுவந்தார். உன் பேத்திதான் எழுத்துக்கூட்டாமல் கடகடவென்று படித்தாள். இனி அவளைச் சேலத்தில் ஆறாம் வகுப்பில் சேர்ப்பதில் சிக்கல் இல்லை. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இதைச் சொல்ல வேண்டுமானால், நீ இருந்தவரைக்கும் நான் உன்னிடம் மறைத்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

மச்சான் குடகுக்குக் காப்பிப்பழம் பறிக்கப் போனவர் திரும்பவே இல்லை. கைவிடப்பட்ட பெண்களுக்குச் சர்க்கார் மாசாமாசம் ஏதோ கொடுக்கிறது என்று எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் சொல்லி, அவரே உனக்கு மனு எழுதிக் கொடுத்தார். அந்தச் சேதி உனக்கு முன்னால் ஒண்டிக்கடை முக்குக்கு வந்துவிட்டது. என் கடையில் மிளகு நிறுக்க வந்தவர்கள் அதை வைத்தே பொழுதைப் போக்கினார்கள்.

"புருசன் ஓடிப்போனதுக்குச் சம்பளமாங்க?"

"இனிப் பாருங்க, அவளவளும் புருசனைத் தொரத்திப்போட்டு மனு எழுதிருவாளுக."

தராசைப் பிடித்துக்கொண்டு நானும் சிரித்தேன், அக்கா. உன்னைத்தான் சொல்கிறார்கள் என்று தெரிந்தே சிரித்தேன்.

தாலுக்கா ஆபீசிலிருந்து விசாரணைக்கு வந்த ஆர்.ஐ. உன் வீட்டுக்கு வழி கேட்டு மழைக்கு என் கடையில் ஒதுங்கினார். இந்தம்மாவுக்கு ஆதரவு என்று யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். மஞ்சக்குட்டை ஊர்க்காரர்கள் ஐந்தாறு பேர் மூட்டையோடு நின்றிருந்தார்கள். கடைக்குப் போர்டு மாட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கூடப்பிறந்தவன் உயிரோடிருக்க, அக்காவை ஆதரவற்றவள் என்று எழுதுவதா? நம் பக்கத்தில் இதைவிட ஒருவனுக்குக் கேவலம் வேண்டுமா?

"ஏனுங்க சார், குத்துக்கல்லாட்ட நான் நிக்கறப்ப இப்படிக் கேக்கறீங்க? எங்கக்காளுக்கு ஒரு கொறையுமில்லீங்க. எல்லாம் நான் பாத்துக்கறனுங்க" என்றேன்.

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். இஞ்சி போட்டு டீ வாங்கிக் கொடுத்து, பைக்குள் நாலு ஆரஞ்சும் வைத்து அனுப்பினேன். உன் வீட்டு மேட்டை அவர் ஏறவே இல்லை.

மனு திரும்பி வந்தபோது படித்துச் சொல்லச் சொல்லி என்னிடம்தான் கொண்டுவந்தாய். 'மனுதாரர் சகோதரரின் ஆதரவில் இருப்பதால்' என்று இருந்தது. நான் காகிதத்தை மடித்துக் கொடுத்து, "சர்க்கார் சமாச்சாரம் அப்படித்தானக்கா" என்றேன். நீ தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாய்.

நான் பார்த்துக்கொண்ட லட்சணம் என்ன? பொங்கலுக்கு ஒரு சேலை. தீபாவளிக்கு ஒரு பொட்டலம் மிக்சர். அந்த வருஷம்தான் எட்டாவதோடு செல்வியின் படிப்பு நின்றது. உன் பக்கத்து வரிசையில் கூடை கட்டிக்கொண்டு அவளும் பழம் பறிக்க நின்றாள். அதே வருஷம் நான் காப்பி காயவைக்கும் களத்துக்குச் சிமெண்டு போடச் சர்க்கார் மானியம் வாங்கினேன். கடைக்கு வந்தவர்கள் "கெட்டிக்காரனப்பா" என்று கை கொடுத்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நான் வாங்கியதும் சர்க்கார் கொடுத்ததுதானே? எனக்கு அது ஏன் அன்றைக்கு உறைக்கவில்லை?

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போன செல்வி புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அவள் குழந்தையோடு உன் வீட்டுக்கே வந்துவிட்டாள். மாசாமாசம் நான் கொடுக்கிறேன் என்று சொன்னேன். நிஜமாகவே சொன்னேன். அவள் கேட்கவில்லை.

"நீங்க குடுத்தா மாசாமாசம் அத்தை மூஞ்சியப் பாக்கோணுமுங்க மாமா. சர்க்கார் குடுத்தா போஸ்ட்மேன் மூஞ்சியப் பாத்தாப் போதும்."

அந்த அத்தை, என் வீட்டுக்காரி, உள்ளே பாத்திரத்தை நங்கென்று வைத்த சத்தம் கேட்டது. ஆனால் செல்வியின் கணக்கு சரிதான். யார் கையிலிருந்து வாங்குகிறோம் என்பது வாங்குகிறவளுக்குத்தானே தெரியும்?

அவளே மனுப் போட்டாள். போன மாதம் விசாரணைக்கு ஒரு சின்ன வயசு ஆர்.ஐ. வந்தார். செல்வியையும் கூட்டிக்கொண்டு நேராக என் கடைக்கே வந்தார். வியாழக்கிழமை, கடை நிறையக் கூட்டம். கரடியூர்க்காரர் ஒருவர் பழைய பேச்சையே எடுத்தார்.

"இப்படிக் குடுத்தா எவ புருசனை ஊட்டுல வெச்சிருப்பா? தொரத்தித்தான் உடுவா."

செல்வி திரும்பிப் பார்த்தாள். "தொரத்தறதுக்கு மொதல்ல அவரு ஊட்டுல இருக்கோணுமுங்களே" என்றாள். கடையே சிரித்தது. இந்தத் தடவை சிரிப்பு அவள் பக்கம்.

ஆர்.ஐ. என்னைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். நான் மறுபடியும் மார்தட்டினால் உன் பேத்தியின் படிப்பும் ஐந்தாவதோடு நிற்கும். தராசுத் தட்டை இரண்டு தடவை துடைத்தேன், அக்கா. இத்தனை வருஷம் வியாபாரம் பண்ணியும் ஒரு உண்மையைச் சொல்ல அவ்வளவு நேரமாயிற்று.

"வருசத்துக்கு ஒரு சேலை எடுத்துக் குடுக்கறனுங்க சார். அதை ஆதரவுன்னு எழுதாதீங்க. முன்னால எங்கக்காளுக்கு விசாரிக்க வந்தவருகிட்ட நான் எல்லாம் பாத்துக்கறேன்னு சொன்னனுங்க. அது பொய்யிங்க. இந்தப் புள்ளை படிப்பு நின்னது அதுலதானுங்க."

யாரும் என்னைக் காறித் துப்பவில்லை. பிறகு அந்தக் கரடியூர்க்காரரே தொண்டையைக் கனைத்துவிட்டு, "இன்னைக்கு மொளகு என்ன வெலைங்க?" என்றார்.

செல்வி முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஆர்.ஐ. போனதும் அவள் பக்கத்தில் வந்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமுங்க மாமா. அப்பவே ரைட்டர்கிட்டப் படிக்கச் சொல்லிக் கேட்டுருச்சு. நாலு பேரு நின்னுட்டிருந்திருப்பாங்க, அவன் என்ன பண்ணுவான், பேசாம உடு கண்ணுன்னு சொல்லுச்சு."

அக்கா, நீ திட்டியிருக்கலாமே? ஒரு வார்த்தை திட்டியிருந்தால் மறுநாளே தாலுக்கா ஆபீசுக்கு ஓடியிருப்பேனே? ஓடியிருப்பேனா? எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. அதனால்தான் நீ சொல்லவில்லையா?

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன். நேற்று உத்தரவைக் கண்ணால் பார்த்த பிறகு இன்னும் இலேசாக இருக்கிறது. உனக்குத் தெரியாது என்று நினைத்து இத்தனை காலம் நான் சுமந்ததை, நீ அன்றைக்கே இறக்கி வைத்துவிட்டிருக்கிறாய்.

சேதி பரவி, இரண்டு பெண்கள் கடைக்கு வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்தி புருஷனை இழந்தவள், ஒருத்தி உன்னைப் போல. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அவர்களைத் தாலுக்கா ஆபீசுக்குக் கூட்டிப்போகிறேன். அங்கே அவர்கள் கதையை அவர்களே சொல்வார்கள். என்னைக் கேட்டால் தெரிந்ததைச் சொல்வேன். கேட்காவிட்டால் வெளியே பெஞ்சில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப்பிறந்தவன்,
தம்பி செங்கோடன்