ரசீது இல்லாத மீன்கள்

3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

தொட்டி தயார். வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் ஆயிரம் லிட்டர் தொட்டி, அதற்கு மேல் கூழாங்கல் நிரப்பிய படுகை. கீழே மீன், மேலே கங்கோங் கீரை. மீனின் கழிவுத் தண்ணீர் மேலே ஏறிக் கீரைக்கு உரமாகும். கீரை சுத்தம் செய்த தண்ணீர் மறுபடியும் மீனுக்கே இறங்கும். மூன்று வாரமாகத் தண்ணீரைச் சோதித்து எழுதி வருகிறேன். கையுறை ஆலை ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடம் இதே வேலைதான். மேனேஜர் பதவியை எனக்குப் பிறகு சேர்ந்தவனுக்குக் கொடுத்தார்கள். வேலையை விட்டு வந்த எனக்கு ஐம்பத்து மூன்று வயதில் கீரை.

மனைவி சுசீலா வந்து சுற்றிப் பார்த்தாள். "எல்லாம் இருக்கு. மீனத் தவிர."

5 ஆகஸ்ட், செவ்வாய்

மீன்வள அலுவலகத்துக்கு, இங்கே எல்லோரும் சொல்லும் பெரிக்கானானுக்கு, போன் செய்தேன். ஒரு மலாய்ப் பெண் பொறுமையாகச் சொன்னார். பதிவு செய்த பண்ணையில் வாங்குங்கள், ரசீதை வைத்திருங்கள், நோய் கண்டால் எங்களுக்குச் சொல்லுங்கள், ஆற்றிலோ குளத்திலோ கொண்டுபோய் விடாதீர்கள். "செலண்டாரில் ஒருவர் இருக்கிறார் ஐயா, இந்தியர்தான். நூறு குஞ்சு கேட்டால் ஐந்தாறு கூடவே போடுவார்."

நன்றி சொல்லி வைத்துவிட்டேன். அவர் சொன்னது என் தம்பி புவனேஸ்வரனை.

ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. அப்பா இறந்தபோது நான் கிள்ளானில், ஆலை வேலையில் இருந்தேன். தகப்பனுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் மூத்தவன். வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லியும் காத்திருக்காமல் அவன் வைத்தான். நான் சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது புகைதான் மிச்சம். ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன் அவன். அவன் வாசலில் போய் மீன் குஞ்சு கேட்டு நிற்பதா?

9 ஆகஸ்ட், சனி

காலைச் சந்தை ஓரத்தில் லோரியில் குஞ்சு விற்கிறான் திலீப் என்று ஒருவன்.

"ரெசிட் இருக்கா தம்பி?"

"மீனுக்கு பெர்த் சர்டிபிகேட் கேட்ட மொத ஆளு நீங்கதாண்ணே."

"எங்க எடுத்தது?"

"தண்ணியிலதான். வேணுமா வேணாமா, சொல்லுங்க லா."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிவப்புத் திலாப்பியா, அறுபது.

"பதிஞ்ச பண்ணையிலயா வாங்குனீங்க?" என்று சுசீலா கேட்டாள். ஆமா என்றேன். தடுமாறாமல் வந்துவிட்டது.

10 ஆகஸ்ட், ஞாயிறு

தீனி போட்டால் அறுபதும் மேலே வருகின்றன. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த ஆமா மட்டும் உறுத்துகிறது.

19 செப்டம்பர், வெள்ளி

பதினான்கு செத்து மிதந்தன. மற்றவை தலை சுற்றியதுபோல் வட்டமடிக்கின்றன. கண் பிதுங்கியிருக்கிறது. இது தண்ணீர்க் கோளாறு இல்லை, தொற்று. வந்தபோதே கொண்டு வந்திருக்கின்றன. புதிய மீனை இரண்டு வாரம் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். வைக்கவில்லை.

20 செப்டம்பர், சனி

காலையில் இன்னும் பதினைந்து. மீதி முப்பத்தொன்று. அவற்றையும் கொன்று சுண்ணாம்பு போட்டுப் புதைத்திருக்க வேண்டும்.

சுசீலா கதவை மறித்து நின்றாள். "புரட்டாசி மொத சனிங்க. சைவமா இருக்கிற வீட்டுல கொல பண்ணாதீங்க. பெரிக்கானான்ல சொல்லுங்க, அவங்களே வந்து எடுத்துட்டுப் போகட்டும்."

அவர்கள் வந்தால் ரசீது கேட்பார்கள். சுசீலாவும் பக்கத்திலேயே நிற்பாள்.

வாளியில் அள்ளிக் காரில் ஏற்றினேன். செலண்டார் பக்கம் நாங்கள் பிறந்த ரப்பர்த் தோட்டத்தில் முனியாண்டி கோயில் குளம் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்தவர்கள், பிள்ளை பரீட்சையில் தேறியவர்கள் சந்தையில் உயிர்மீன் வாங்கி அதில் விடுவார்கள். நானும் விட்டேன். பூசாரி பரமேஸ்வரன் பார்த்துவிட்டு, "நல்ல காரியம் தம்பி, சனிக்கெழம வேற" என்று நெற்றியில் திருநீறு பூசினார். துடைக்கவும் முடியவில்லை.

குளம் நிறைந்தால் ஓடையில் வழியும். ஓடையோடு அரை மைல் போனால் புவனேஸ்வரனின் பண்ணை. பம்பு வைத்து அவன் எடுப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

விட்ட பிறகுதான் நினைவு வந்தது.

21 செப்டம்பர், ஞாயிறு

இரவெல்லாம் மழை.

4 அக்டோபர், சனி

தங்கை பவானேஸ்வரி போன் செய்தாள். அழுகை.

"சின்னண்ணன் பண்ணையில எல்லாம் மெதக்குதுண்ணே. வட்டம் வட்டமா சுத்திச் சுத்திச் சாவுதாம். பெரிக்கானான் ஆளுங்க வந்து விக்கக்கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. எங்கேர்ந்து வந்துச்சுன்னு காட்டலன்னா பதிவே போயிருமாம். வாங்குனவங்க எல்லாம் திருடன்னு பேசுறாங்க."

அப்படியா என்று கேட்டேன். அப்படியா! பெரிய வார்த்தை.

9 அக்டோபர், வியாழன்

திலீப் ஏமாற்றினான். சுசீலா கொல்ல விடவில்லை. பூசாரி தடுக்கவில்லை. மூன்று பேர் ஆகிவிட்டது, இன்னும் யாரைத் தேடுகிறேன்?

21 அக்டோபர், செவ்வாய்

நேற்று தீபாவளி. பதினோரு மணிக்கு வாசலில் ஒரு வேன். புவனேஸ்வரன். ஒன்பது வருடத்துக்குப் பிறகு. தலை பாதி நரைத்துவிட்டது. கையில் முறுக்கு டின், கக்கத்தில் ஒரு கோப்பு.

"அண்ணே, நீ படிச்சவன். இந்த இங்கிலீஷ் லேப் ரிப்போர்ட்ட கொஞ்சம் படிச்சுச் சொல்லேன். எனக்கு வெளங்கல."

படித்தேன். வரி வரியாக, நானே அவனுக்கு விளக்கினேன். கிருமியின் பெயர், அது தண்ணீரோடு எப்படிப் போகும், எத்தனை நாளில் காட்டும். வாத்தியார் மாதிரி. அவன் தலையாட்டிக் கேட்டான்.

பிறகு பின்பக்கம் போய்த் தொட்டியைப் பார்த்தான். "நல்லா கட்டிருக்கியே. மீன் எங்கண்ணே?"

"செத்துப்போச்சு."

"எங்கிட்ட கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேன்ல." படுகையில் இருந்த ஒரு கீரையை நிமிர்த்தி வைத்தான். "அப்பாவுக்கு நான் கொள்ளி வச்சது தப்புதாண்ணே. நீ ரோட்டுல இருக்கேன்னு தெரிஞ்சும் அவசரப்பட்டுட்டேன். ஒம்போது வருசமா சொல்லணும்னு இருந்தேன்."

நான் குனிந்து பக்கத்துக் கீரையை நிமிர்த்தினேன்.

அன்று காலை நான் ரோட்டில் இல்லை. இதை இந்த நோட்டில்கூட எழுதியதில்லை. அப்பா காலை நாலு மணிக்குப் போனார். நாலரைக்கு எனக்குப் போன் வந்தது. ஒன்பது மணிக்கு அந்த மேனேஜர் பதவிக்கு நேர்முகம். முடித்துவிட்டு நான் கிளம்பியது பன்னிரண்டுக்கு. அவன் எனக்காகப் பகல் ஒரு மணிவரை காத்திருந்தான்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். விட்ட பிறகுதான் நினைவு வந்தது என்று எழுதியிருக்கிறேனே, அது பொய். குளத்தங்கரையில் நின்றபோதே தெரியும். அவன் பண்ணை நாசமாகட்டும் என்று நினைத்தேனா? இல்லை. ஆகாது என்று நினைத்தேனா? அதுவும் இல்லை. அவனுக்காக இன்னொரு தரம் யோசிக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அது போதாதா?

22 அக்டோபர், புதன்

சுசீலாவிடம் சொன்னேன். சந்தை, ரசீது, குளம், எல்லாம். "முறுக்கு கொண்டாந்தாருங்க" என்றாள்.

24 அக்டோபர், வெள்ளி

மீன்வள அலுவலகம். போனில் பேசிய அதே பெண்தான் என்று குரலை வைத்துத் தெரிந்துகொண்டேன். மலாயில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுக் கேட்டார்: பண்ணைக்கு அந்தத் தண்ணீர் போவது தெரியுமா? அதையும் எழுதுங்கள்.

தெரியாது என்று எழுதினேன். அடித்தேன். தெரியும் என்று எழுதி, அடித்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

"பண்ணைக்காரர் உங்களுக்கு உறவா?"

"தம்பி."

அவர் பேனாவை மூடி வைத்தார்.

25 அக்டோபர், சனி

எழுதிக் கொடுத்ததன் நகலோடு பண்ணைக்குப் போனேன். தொட்டிகள் காய்ந்து, சுண்ணாம்பு பூசிக் கிடந்தன. புவனேஸ்வரன் நின்றுகொண்டே படித்தான். மலாய் அவனுக்கு நன்றாக விளங்கும். மடித்தான்.

"கொள்ளி வச்சதுக்கா?"

அவ்வளவுதான் கேட்டான். திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம். நான் நேர்முகத்தைப் பற்றிச் சொன்னேன். நாலரை, ஒன்பது, பன்னிரண்டு. உளறினேன். மன்னிச்சிருடான்னு சொன்னேனா இல்லையான்னுகூட இப்ப ஞாபகம் இல்ல.

"போண்ணே," என்றான். "நீ போ."

11 நவம்பர், செவ்வாய்

பவானேஸ்வரி என் போனை எடுப்பதில்லை. கோயில் குளத்தில் மீன் விடக்கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்களாம், சுசீலா கேள்விப்பட்டாள்.

13 டிசம்பர், சனி

புவனேஸ்வரனின் பதிவு தப்பிவிட்டது, விற்கவும் விட்டுவிட்டார்கள். வேறு ஊரிலிருந்து தாய்மீன் எடுத்து, குழாய்க்கிணறு போட்டு, மறுபடியும் விற்கிறான். எனக்கு என்ன தண்டனை என்று இன்னும் கடிதம் வரவில்லை. வரட்டும்.

என் தொட்டியை மூன்று தடவை கழுவிக் காயவைத்தேன், கடைசியாகக் கழுவி ஒரு மாதம் ஆகிவிட்டது. இந்த முறை தனித் தொட்டியும் உண்டு. காலையில் செலண்டார் போனேன். இல்லை என்று சொல்லிவிடுவான் என்றே நினைத்தேன். சொல்லவில்லை. எனக்கு முன்னால் நின்ற சீனக் கிழவருக்கு நூறு எண்ணி, இன்னொரு கை அள்ளிப் போட்டு, "ஊருக்குப் போறதுக்குள்ள ரெண்டு செத்தா கணக்கு சரியா இருக்கும் அங்கிள்" என்று மலாயில் சொல்லிச் சிரித்தான்.

என் முறை வந்தபோது முகம் மாறவில்லை. "எத்தன?"

"அறுபது."

எண்ணினான். பையில் காற்று அடைத்துக் கட்டினான். மேசையில் குனிந்து ரசீது எழுதினான். பதிவு எண், தேதி, சிவப்புத் திலாப்பியா குஞ்சு. வாங்குபவர் பெயர்: சுகுமாரன் த/பெ மருதமுத்து. அப்பா பெயரை எழுதும்போது கொஞ்சம் நிதானித்தமாதிரி இருந்தது. எனக்குத் தோன்றியிருக்கலாம்.

ரசீதை இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து தனித் தொட்டியில் விடும்போது ஒவ்வொன்றாக எண்ணினேன். சுசீலாவையும் எண்ணச் சொன்னேன்.

சரியாக அறுபது.