பள்ளி நேரத்து வற்றம்

ஜாம்பியானி, சான்சிபார்
6 ஏப்ரல் 1996

அன்புள்ள மகாமேவுக்கு,

சலாம். நலம் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் தொண்டை கட்டிக் குரலே இல்லை. அறுபது பிள்ளைகளிடம் கத்தியே போயிற்று.

முந்தாநாள் முழுநிலா. சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நின்று கடலை இழுப்பதால் ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது என்று கரும்பலகையில் படம் போட்டேன். திரும்பிப் பார்த்தால் பெண்பிள்ளைகளின் பெஞ்சுகள் காலி. நம் கரையில் பெருவற்றம் எப்போதும் பள்ளி நேரத்தில்தானே! தாய்மாரோடு கடற்பாசி அறுக்கப் போய்விட்டார்கள். அரைநிலா வாரத்தில் வருவார்கள். பாடம் அதற்குள் தாண்டியிருக்கும்.

நான் அங்கே வர விசா வந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். மகிழ்ச்சி. யோசிக்கக்கூட அலுப்பாக இருக்கிறது.

உங்கள் மிஸா

மஸ்கட்
21 ஏப்ரல் 1996

என் மிஸாவுக்கு,

சலாம். காலிப் பெஞ்சுக்கு அத்தனை வரி, விசாவுக்கு ஒரு சொல்தானா? மீன் கிடங்கில் கூட வேலை செய்பவர்களிடம் சொன்னேன். "உன் பொஞ்சாதி சொல்லிக் குடுக்கலேன்னா கடல் ஏறாதாக்கும்!" என்று சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். நாலு வருடமாகத் தனியாகப் பொங்கித் தின்கிறேன், பெண்ணே. ஜூனில் டிக்கெட் போட்டிருக்கிறேன். வந்துவிடு.

உன் கணவன்
மகாமே

ஜாம்பியானி
20 மே 1996

அன்புள்ள மகாமேவுக்கு,

சலாம். பிள்ளைகள் வகுப்புக்கு வராவிட்டால் வகுப்பு அங்கே போகட்டும் என்று, நிலவில்லாத நாளன்று எல்லோரையும் வற்றிய கடலுக்கு அழைத்துப் போனேன். ஒருத்தியைச் சூரியனாகவும் ஒருத்தியை நிலாவாகவும் நிறுத்தினேன். வகுப்பில் வாயே திறக்காத கஸீஜா, "அரைநிலா அன்னிக்கு ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்குதுங்க. அதான் தண்ணி அதிகம் வத்தல, டீச்சர்" என்றாள். என் அலுப்பெல்லாம் இறங்கிவிட்டது.

கரையேறிய பிறகுதான் அவள் வரவில்லை என்று தெரிந்தது. பவளத்திட்டில் ஆக்டோபஸ் பிடிக்க நின்றுவிட்டாள். திட்டுக்கும் கரைக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் தண்ணீர் ஏறிவிட்டது. நானே இறங்கினேன். கழுத்துவரை வந்தது. எப்படியோ இழுத்துவந்தேன். அவள் தாய் என்னைப் பிடித்து உலுக்கினாள். "பாடம் சொல்றியா, பொணம் எடுக்கச் சொல்றியா?" பிறகு மணலில் உட்கார்ந்து அழுதாள். இனிக் கடல் பக்கமே போகக் கூடாது என்றார் தலைமையாசிரியர். மறுநாள் அந்தத் தாயே அவரிடம் போய், "அங்கயே சொல்லிக் குடுக்கட்டும் சார். எம்மவ காது அங்கதான் கேக்குது" என்றாள். அவர் சம்மதித்துவிட்டார்.

மகாமே, தண்ணீர் கழுத்துக்கு வந்தபோது யார் யாரோ நினைவுக்கு வந்தார்கள். உங்கள் முகம் வரவில்லை. இதை மறைத்துக்கொண்டு விமானம் ஏற என்னால் முடியாது. நான் வரவில்லை.

மிஸா

மஸ்கட்
9 ஜூன் 1996

மிஸாவுக்கு,

சலாம். கோபமில்லை என்று எழுதினால் பொய். உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போய் வருகிறேன். இனி வா என்று எழுத மாட்டேன். தலாக்கை முறைப்படி பேசி முடிக்க உன் வீட்டுக்குப் பெரியவர்கள் வருவார்கள். உன்மேல் ஒரு குறையும் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

நீ பிள்ளைகளோடு கடலுக்குள் போகும் நாளெல்லாம் என் தம்பி உஸ்ஸி படகோடு அந்தப் பள்ளத்தருகே நிற்பான். வேண்டாம் என்று அவனைத் திருப்பி அனுப்பாதே. உனக்கு நீந்தத் தெரியாது என்பது அங்கே யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

மகாமே