வலப்பக்கம் உங்களுடையது

அன்புள்ள கப்பல் வித்வானுக்கு,

இங்கே நானும் உங்கள் அம்மாவும் நலம். நீங்கள் நலமா என்று கேட்க இப்போது மனம் வரவில்லை. கோபம் கொஞ்சம் ஆறினால் கடைசியில் கேட்கிறேன். போனில் திட்டலாம் என்றால் நடுக்கடலில் பாதியிலேயே அறுந்துபோகிறது, மீதித் திட்டு என் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் கடிதம். முழுவதையும் படித்துவிட்டு மடித்து வையுங்கள்.

நீங்கள் அனுப்பிய இசை நோட்ஸ் புத்தகம் வந்து சேர்ந்தது. பார்சலைப் பிரிக்கும்போது என் முகத்தில் அத்தனை பல்லும் தெரிந்ததாம், உங்கள் அம்மா சொல்கிறார். அட்டையில், நாம் இருவரும் ஒரே பியானோவில் சேர்ந்து வாசிக்கும் நம் வால்ட்ஸ் பாட்டின் பெயர் இருந்ததே, அதனால் வந்த சிரிப்பு. கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் பிறகுதான் படித்தேன். இரண்டு பேர் வாசிப்பதை ஒருவர் வாசிக்கும்படி மாற்றியமைத்ததாம். உள்ளே உங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு. "இனிமே எனக்காகக் காத்துக்கிட்டு இருக்க வேணாம், நீ தனியாவே வாசிச்சுக்கலாம்." அதே சீட்டின் முதுகில், கப்பல்காரர்கள் இன்னும் ஒரு வருடத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள், அடுத்த துறைமுகத்தில் போட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் படிக்க எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா?

ஒரு வருடம் என்று சொல்லிப் போனவர் நீங்கள். பிறகு இன்னும் ஒன்று என்றீர்கள், சரி என்றேன். சரி என்று சொல்பவள் தலையில்தான் எல்லாரும் மிளகாய் அரைப்பார்கள்.

அது கிடக்கட்டும், புத்தகத்துக்கு வருகிறேன். நீங்கள்தானா இதைப் பார்த்து எடுத்தீர்கள்? கடையில் நின்றபடி மேஜைமேல் விரல்களை ஓட்டி, முழுப் பாட்டையும் சத்தமில்லாமல் வாசித்துப் பார்த்த பிறகே வாங்குகிறவர் நீங்கள். கடைக்காரர் விளக்கை அணைத்தால்தான் வெளியே வருவீர்கள். கடைசிப் பக்கத்தை முதலில் பார், கஷ்டமெல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும் என்று மாணவர்களுக்குச் சொன்னதும் நீங்கள்தான். பக்கம் திருப்ப ஒரு கை ஓய்வாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வீர்கள். இந்தப் புத்தகத்தில் இரண்டு கையும் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கம் முடிகிறது. மூக்கால்தான் திருப்ப வேண்டும். அட்டை பளபளவென்று இருக்கிறது, ஸ்டாண்டில் வைத்தால் நிற்காமல் மடியில் வந்து விழுகிறது. ஒவ்வொரு நோட்டின் தலையிலும் விரல் எண்ணை அச்சடித்து, பாட்டு எங்கே என்று தேடும்படி செய்திருக்கிறார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். இடது கைக்குப் பக்கத்துக்குப் பக்கம் பத்துக் கட்டை அகலம் கொடுத்திருக்கிறதே, அதைப் பார்த்தீர்களா? என் கை எட்டுக் கட்டைக்கு மேல் எட்டாது. கல்யாணமான புதிதில் உங்கள் உள்ளங்கைமேல் என் கையை வைத்து அளந்து, "இந்தக் கைக்கு நான் பாத்துப் பாத்து நோட்ஸ் வாங்கித் தரேன்" என்று சொன்னவர் யார்? தனியாக வாசிக்கச் சொன்னதைவிட என் கையின் அளவை மறந்ததை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. அங்கே கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில் கரண்டியைக் கீழே வைக்காமல் உங்கள் வாசிப்பைக் கேட்கிறார்களே, அவர்களுக்கு எது பிடிக்கும் என்று மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

நம் பழைய புத்தகம் இன்னும் ஸ்டாண்டில்தான் இருக்கிறது. இடப்பக்கம் எனக்கு, வலப்பக்கம் உங்களுக்கு. என் பக்கத்தை மட்டும் தினமும் வாசிக்கிறேன். "ஏம்மா, பாட்டே இல்லாம வெறும் தாளமா தட்டிக்கிட்டு இருக்க?" என்று உங்கள் அம்மா கேட்டார். பாட்டு கப்பலில் போயிருக்கிறது என்றேன். அவர் எழுந்து போய், காய்ந்திருந்த துணிகளையே மறுபடியும் உதறிப் போட்டார்.

இன்னொரு சேதி. சாயங்கால வகுப்புக்கு வரும் பல் டாக்டரை உங்களுக்கு நினைவிருக்கும். வாசிக்கும்போது பிறர் வாயைப் பார்ப்பதுபோல் குனிந்து கட்டைகளையே பார்ப்பார். மாணவர்களின் ஆண்டுக் கச்சேரி நெருங்குகிறது. கடைசியில் நாம் இருவரும் வாசிப்பதுதானே வழக்கம்? சென்ற முறை நீங்கள் இல்லை என்று அதை விட்டுவிட்டேன். "சார் வர்ற வரைக்கும் அந்தப் பக்கம் நான் வேணா உக்காரட்டுமா டீச்சர்?" என்று அவர் மிகுந்த மரியாதையாகத்தான் கேட்டார். நான் கத்திய கத்தலில் அடுத்த அறையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். பாவம் மனுஷர், அடுத்த வகுப்புக்கு வரவில்லை. உங்கள்மேல் இருந்த கோபத்தை அவரிடம் காட்டியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்கப் போகிறேன், ஆனால் இடம் கொடுக்க மாட்டேன்.

நான்காம் பக்கமும் ஐந்தாம் பக்கமும் விரியும் இடத்தில் உங்கள் இடது கையும் என் வலது கையும் ஒரே கட்டைக்கு வருமே, அங்கே நீங்கள் பென்சிலால் "கையை எடு" என்று என் பக்கத்தில் எழுதியது அழியவில்லை. "முதலில் நீங்கள் எடுங்கள்" என்று உங்கள் பக்கத்தில் நான் எழுதியதும் இருக்கிறது. இப்போது யாரும் இடிப்பதில்லை. கட்டை எனக்கே எனக்கு. வேண்டாம் எனக்கு அது!

உங்கள் புத்தகத்தை இதே பார்சலில் திருப்பி அனுப்புகிறேன். கூடவே, நம் புத்தகத்திலிருந்து உங்கள் பக்கங்களை மட்டும் கிழித்து அனுப்பிவிடுவது, அங்கே தனியாக வாசித்துக்கொள்ளட்டும் என்று கத்தரிக்கோலோடு உட்கார்ந்தேன். முதல் தாளைத் திருப்பினேன். முன்னால் உங்கள் வலப்பக்கம், அதன் முதுகிலேயே என்னுடைய அடுத்த இடப்பக்கம். புத்தகம் முழுக்க இப்படித்தான். இத்தனை வருடம் வாசித்தும் இதை நான் கவனித்ததில்லை. உங்களுடையதைக் கிழித்தால் என்னுடையதும் போய்விடும். அதனால் கிழிக்கவில்லை. கத்தரிக்கோலை உள்ளே வைத்துவிட்டேன். அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது?

கையெழுத்துப் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். பேனாவைக் கையில் எடுக்கும்போது நம் கைகள் இடிக்கும் அந்த இடத்தை ஒரு தடவை மேஜைமேல் வாசித்துப் பாருங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன். கச்சேரியின் நிகழ்ச்சித் தாளில் நம் இருவருக்கான கடைசி வரியை இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லை.

நலமாக இருக்கிறீர்களா? கடல்காற்றில் கழுத்தை மூடிக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அப்புறம், நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். நீளமாக விட்டால் அந்த இடத்தில் என் கையில் கீறும்.

பெஞ்சின் இடது பாதியிலிருந்து,
உங்கள் மனைவி