நீ செய்த வள்ளம்

இன்று காலை சுறா நெய்ப் புட்டி கை தவறி உடைந்துவிட்டது. வீடெல்லாம் நாற்றம். மகன் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டான். நான் சிந்தியதைத் துடைக்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த ஒரு வருடம் முழுக்க உன் சட்டையிலும் தலைமுடியிலும் இந்த நாற்றம்தான் அடித்தது, தம்பி.

அந்த ஆனி மாதம் நம் துறையிலிருந்து ஒரே வள்ளத்தில் ஐந்து பேர் போனீர்கள். மறுநாள் விடிந்தபின் நீ மட்டும் நீந்திக் கரையேறினாய். உன் அத்தானையும், கிழக்குத் தெருக் கிழவரையும், அந்த அண்ணன் தம்பி இரண்டு பேரையும் கடல் திருப்பித் தரவே இல்லை. என் புருஷன் எப்படிப் போனார் என்று உன்னிடம் கேட்டேன். "மொத அலையிலயே பெயிட்டாரு அக்கா, ஒண்ணும் அறிஞ்சிருக்க மாட்டாரு" என்றாய். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். ஆனாலும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் சோறு தின்றேன், கைப்பிள்ளைக்குப் பால் கொடுத்தேன்.

அதன்பின் நீ கடலுக்குப் போகவில்லை. கரையில் ஒதுங்கியதையெல்லாம் பொறுக்கி வந்தாய். உங்கள் வள்ளத்தின் உடைந்த பலகைகள், யாரோ வீசிய குடையின் கம்பிகள், மண்ணெண்ணெய்த் தகரம். நான் லேஸ் பின்னப் போகிற கன்னியர் மடத்தில் பழைய தையல் மிஷின் ஒன்று மூலையில் கிடந்தது. அதன் சக்கரத்தைக் கேட்டு வாங்கித் தரச் சொன்னாய். வாங்கித் தந்தேன். கடலுக்குப் போகாமல் பொம்மை செய்கிறவன் என்று வலை உலர்த்துகிற இடத்தில் உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

ஒருநாள் நீ செய்ததை வீட்டின் பின்னால் பனங்கம்பத்தின் மேல் ஏற்றி நிறுத்தினாய். கை நீளத்தில் ஒரு சின்ன வள்ளம். தகர இலைகளில் காற்றுப் பட்டதும் சக்கரம் சுற்றியது. சக்கரத்திலிருந்து ஆளுக்கொரு கயிறாக, நான்கு மர ஆட்களுக்குப் போயிருந்தது. பனங்கொட்டைத் தலைகள், கண்ணும் மூக்கும் இல்லை. முகம் செய்யத் தனக்கு வராது என்றாய். ஐந்தாவது இடம் காலியாக இருந்தது. அங்கே நீ உட்காரவில்லையா என்று கேட்டதற்கு, "நாந்தான் கரைக்கு வந்துட்டேனே" என்றாய்.

காற்று ஏறியது. ஒருவர் துடுப்பைக் குட்டையாக வலித்தார், கிழவர். இரண்டு பேர் சேர்ந்தே குனிந்து சேர்ந்தே நிமிர்ந்தார்கள், அண்ணன் தம்பி. நான்காவது ஆள் பாதி வலித்து, ஒரு நொடி நின்று, பிறகு மீதியை வலித்தார். பாய்மரம் விழுந்து தோள் நழுவிய நாளிலிருந்து அவர் கிணற்றில் தண்ணீர் இறைப்பதும் அப்படித்தான். முகமில்லாத கட்டையில் என் புருஷனைப் பார்த்தேன்.

சாயங்காலம் காற்று தணிந்தது. முதலில் தம்பியின் துடுப்பு நின்றது, அடுத்து அண்ணனுடையது. கொஞ்ச நேரத்தில் கிழவரும் நின்றுவிட்டார். இவர் மட்டும் நிற்கவே இல்லை. கயிறுகளை ஒன்றுபோல் இறுக்கவில்லையா என்று கேட்டேன். வேண்டுமென்றுதான் அப்படிச் செய்தேன் என்றாய்.

"அப்பம் அவருதான் கடைசியா மக்கா?"

நீ கையிலிருந்த நெய்யைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாய்.

"ராத்திரி முழுக்க வலிச்சாரு அக்கா. ஒவ்வொருத்தரா விழுந்த பொறவும் வலிச்சாரு. உன் பேரைச் சொல்லிச் சொல்லி வலிச்சாரு."

வெட்டுகத்தியை எடுத்து வந்தேன். அந்தக் கம்பத்தையே வெட்டிச் சாய்க்க வேண்டும் என்றிருந்தது. நீ தடுக்கவில்லை, தள்ளி நின்றாய். ஆனால் அவர் இன்னும் வலித்துக்கொண்டிருந்தார். எப்படி வெட்டுவேன்? அவர் நிற்கும்வரை கத்தியோடு நின்றேன், பிறகு உள்ளே போய்ப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு உன்னால் என் எதிரே உட்கார்ந்து ஒருவாய் சோறு தின்ன முடியவில்லை. கடல் கண்ணில் படாத இடம் வேண்டும் என்று குலசேகரத்துக்கு மேலே ரப்பர் தோட்டத்துக்குப் போனாய். மலைக்காய்ச்சல் உன்னை ஒரு மழைக்காலம்கூட விட்டுவைக்கவில்லை. அடக்கம் முடிந்தபின்தான் சேதி வந்தது. உன்னையும் நான் கடைசியாகப் பார்க்கவில்லை.

தகரம் துருப்பிடித்தால் மாற்றுகிறேன். கயிறு அறுந்தால் நீ விட்ட இறுக்கத்திலேயே கட்டுகிறேன். சக்கரத்துக்கு நீ போட்ட மாதிரியே சுறா நெய் போடுகிறேன். கல்லறைத் திருநாளன்று மற்றவர்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். போனவர்களுக்குக் குழியில்லாத நாங்கள் சிலர் அந்தக் கம்பத்தடியில் மெழுகுதிரி ஏற்றுகிறோம். போன வருடம் மகன் ஒரு கட்டையும் பனங்கொட்டையும் கொண்டுவந்து, மாமாவுக்கும் ஓர் ஆள் செய்து அந்தக் காலி இடத்தில் வைக்கட்டுமா என்று கேட்டான். அவன் இப்போது கடலுக்குப் போகிறான். அவன் திரும்பும்வரை எனக்குத் தொண்டையில் சோறு இறங்காது.

வைக்க வேண்டாம் என்றேன்.

காற்று அடங்கும்போது இப்போதும் கம்பத்தடியில்தான் நிற்கிறேன். உன் அத்தானும் வலித்து ஓய்ந்தபின், அந்த ஐந்தாவது இடத்தைப் பார்க்கிறேன். அது காலியாகவே இருக்கட்டும், தம்பி. நீ கரைக்கு வந்தவன்.